தேதிகளே தலைப்பான பன்னிரண்டு

17 ஜனவரி 2023, செவ்வாய்

ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூயிச்சி சகாமோட்டோவின் புது ஆல்பம் இன்று வந்துவிட்டது. பெயர் ‘12’. இன்று அவருக்கு 71 வயது நிறைகிறது, பிறந்தநாளிலேயே வெளியிட்டிருக்கிறார். ஆனால் கொண்டாட்ட மனநிலையில் கேட்க உட்கார முடியவில்லை. 1978 முதல் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா இசைக்குழுவில் அவரோடு வாசித்த யுகிஹிரோ தகாஹாஷி போன வாரம், 11ஆம் தேதிதான் காலமானார். சகாமோட்டோவும் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருக்கிறார்.

டிராக்குகளுக்குப் பெயரே இல்லை. வாசித்துப் பதிவு செய்த தேதிதான் தலைப்பு. முதல் டிராக் ‘20210310’. அதாவது 2021 மார்ச் 10. பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்து, நெடுநாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டு, அந்த மார்ச் தொடக்கத்தில்தான் வீடு திரும்பியிருக்கிறார். உடம்பு கொஞ்சம் தேறியதும் கை தானாக சிந்தசைசர் என்கிற மின்னணு இசைக்கருவியின் பக்கம் போனதாம். இசையமைக்கும் எண்ணமே கிடையாது, ஒலியில் நனைந்தால் போதும் என்றிருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த டிராக்கை மட்டும் இன்று மூன்று முறை கேட்டேன். தாளம் இல்லை. முணுமுணுக்கிற மாதிரி மெட்டும் இல்லை. தம்பூரா மீட்டினால் அறை நிறையுமே, அப்படி ஒரு நிறைவு; ஆனால் அதன் மேல் பாட யாரும் வரவில்லை. வராமலிருப்பது குறையாகவும் தெரியவில்லை.

18 ஜனவரி

இன்று ஹெட்ஃபோன் இல்லாமல் ஸ்பீக்கரில் போட்டேன். பியானோ வரும் ஒரு டிராக் ஓடிக்கொண்டிருந்தது. மடித்த துணிகளோடு அறைக்குள் வந்த அம்மா கதவருகே நின்றாள்.

“யாருக்குடா மூச்சு வாங்குது?”

நான் அதைக் கவனிக்கவே இல்லை. நேற்றிலிருந்து கேட்கிறேன், ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை. திரும்பப் போட்டுக் கேட்டோம். இருக்கிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே, மூக்கு வழியாக இழுத்து விடுகிற கனத்த மூச்சு. பியானோவுக்கு அருகில் வைத்த மைக் அதையும் சேர்த்து வாங்கியிருக்கிறது.

“வாசிக்கிறவருதாம்மா. உடம்பு முடியல அவருக்கு.”

துணியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கடைசி நான்கு மாதம் படுத்திருந்த கட்டில் அது. இரவில் விளக்கைப் போடாமலே, அப்பாவின் மூச்சை வைத்தே தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். டிராக் முடிகிறவரை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், “நிதானமாத்தான் வாசிக்கிறார்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

22 ஜனவரி, ஞாயிறு

நான்கு நாளாக அந்த மூச்சேதான் நினைவில். ஒலிப்பதிவில் முதலில் துடைத்தெறிகிற விஷயம் அதுதான். வாசிப்பவர் மூச்சு, நாற்காலியின் கிறீச், பியானோ பெடல் இறங்கி ஏறும் சத்தம் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார்கள். சகாமோட்டோ விட்டுவைத்திருக்கிறார். அவருக்கு இது புதிதல்ல. 2011 ஜப்பான் சுனாமியில் மூழ்கிச் சுருதி கலைந்துபோன ஒரு பியானோவைத் தேடிப் போய் வாசித்து, அந்த ஒலியை 2017இல் வந்த ‘அசிங்க்’ ஆல்பத்தில் சேர்த்தவர். மனிதர்கள் இழுத்துக் கட்டிய சுருதியை இயற்கை தன் போக்குக்குத் திருப்பிவிட்டது என்று பார்த்தவர். இந்த முறை அந்தப் பியானோவின் இடத்தில் அவருடைய உடம்பே இருக்கிறது.

இந்த மாதிரி இசையை ஆம்பியன்ட் என்பார்கள். ஆம்பியன்ட் என்றாலே தூங்க உதவும் இசை, படிக்கும்போது ஓடவிடும் இசை என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. இந்த இசை பிறந்ததே ஒரு நோயாளியின் படுக்கையில்தான். 1975இல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்த இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோவுக்குத் தோழி ஒருவர் ஹார்ப் இசைத்தட்டு கொண்டுவந்து கொடுத்தார். சிரமப்பட்டு எழுந்து அதை ஓடவிட்டுப் படுத்த பிறகுதான் சத்தம் மிகக் குறைவாக வைத்திருப்பது தெரிந்தது. ஸ்டீரியோவில் ஒரு பக்கம் வேறு வேலை செய்யவில்லை. மறுபடி எழத் தெம்பில்லை. வெளியே மழை. மழைக்கு நடுவே அங்கங்கே ஒரு தந்தி ஒலி மட்டும் எட்டிப் பார்த்தது. இசை இப்படியும் இருக்கலாம், அறையின் வெளிச்சம் மாதிரி, மழை மாதிரி என்று அவருக்கு அங்கேதான் தோன்றியது. பிறகு அவருடைய ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ ஆல்பம் வந்தது. கவனிக்காமல் விட்டாலும் சரி, உற்றுக் கேட்டாலும் சரி, இரண்டுக்கும் இடம் தருகிற இசையைத்தான் அவர் கேட்டார். இரண்டாவது பாதியை நாம் மறந்துவிட்டோம்.

29 ஜனவரி

அட்டையில் இருப்பது கொரிய ஓவியர் லீ உஃபான் வரைந்த ஓவியம். சில கோடுகள், மீதியெல்லாம் வெற்றுத்தாள். இந்த இசைக்கு வேறு எதுவும் பொருந்தியிருக்காது.

இன்று முழுவதையும் வரிசையாகக் கேட்டேன், ஒரு மணி நேரம். முன்பாதியில் சிந்தசைசர் மூட்டம், பிற்பாதியில் பியானோ முன்னுக்கு வருகிறது. நடுவே வரும் ‘20220214’ எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இருட்டாக, கனமாக இருக்கிறது, கேட்டு முடித்தால் தோள் இறுகிப்போகிறது. ‘20220302’ என்று இரண்டு டிராக்குகள். ஒரே நாளில் இரண்டு! ஒன்றுக்கு மட்டும் கூடவே ‘சராபாண்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார். மூன்று தட்டில் மெதுவாக நகரும் பழைய ஐரோப்பிய நடன வடிவம், பாக் நிறைய எழுதியது. அன்று உடம்பு கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். தேதியைத் தலைப்பாக வைத்தால் கேட்பவன் இப்படித்தான் ஆகிப்போகிறான். அன்றைக்கு எப்படி இருந்தாரோ என்றுதான் ஒவ்வொரு டிராக்கிலும் முதலில் தோன்றுகிறது, மெட்டு அப்புறம்தான்.

11 பிப்ரவரி

வேலை முடிய நள்ளிரவு ஆகிவிட்டது. ஒரு சுரம் எவ்வளவு நேரம் கேட்கிறது என்று கண்ணை மூடி எண்ணிப் பார்த்தேன். பியானோ ஒலி எனக்கு ஒன்பது எண்ணும் வரை கேட்டது. பன்னிரண்டில் அது ஒலியா, என் ஞாபகமா என்று பிரிக்க முடியவில்லை. அந்த இடத்தில் அடுத்த சுரத்தை வைக்கிறார். அவசரமே இல்லை. டிசம்பரில் அவர் தனியாகப் பியானோ வாசித்த நிகழ்ச்சியை இணையத்தில் ஒளிபரப்பினார்கள். ஒரே மூச்சில் முழுக் கச்சேரி வாசிக்கத் தெம்பில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துப் பதிவு செய்து கோத்தது. அதிலும் இதே நிதானம்தான்.

4 மார்ச்

கடைசி டிராக் ‘20220304’. போன வருடம் இதே நாள். அதற்காகவே காலையில் எழுந்ததும் போட்டேன்.

ஒரு நிமிடம்தான். பியானோ இல்லை, சிந்தசைசர் இல்லை. சின்னச் சின்ன மணிகள் காற்றில் ஒன்றோடொன்று மோதுகிற மாதிரி ஒலி. யாரும் வாசிக்காமல் தானாகக் கிணுகிணுக்கிற மாதிரி. மூச்சும் இல்லை.

இன்றுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பதினொன்றாவது டிராக் ஏப்ரல் 4ஆம் தேதியுடையது. அதுவரை தேதி வாரியாக ஒழுங்காக வந்தவர், இந்த மார்ச் 4ஐ மட்டும் அதற்கும் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார். மனிதர் எழுந்து போன பிறகு அறையில் மிஞ்சும் சத்தம் எதுவோ, அதைக் கடைசியில் வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

2 ஏப்ரல், ஞாயிறு

போய்விட்டார். மார்ச் 28 அன்றே. இன்றுதான் அறிவித்தார்கள்.

ஐந்து நாள். அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே இந்த வாரத்தில் இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். யாரென்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அந்த மூச்சு வாங்குமே, அவரா? எத்தனை வயசு?”

“எழுபத்தொண்ணு.”

“அப்பாவுக்கு அறுபத்தெட்டு” என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து, “போடு, கேக்கலாம்” என்றாள்.

போட்டேன். எந்த இடத்தில் மூச்சு வருகிறது என்று இப்போது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

4 ஏப்ரல்

‘20220404’. இன்றோடு அதற்கு ஒரு வயது. இரவு ஹெட்ஃபோனில் கேட்டேன். அது முடிந்ததும் வழக்கம்போல அந்த ஒரு நிமிட மணிச்சத்தம் வந்தது. முடிந்த பிறகும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. சற்று நேரம் என் மூச்சு மட்டும் கேட்டது.