அம்மா தொட்டுப் பார்த்த வெள்ளை

"தூரத்தில் பார்த்தால் ஒரே வெள்ளை. கிட்டப் போனால் இரண்டு நிறம், தெரியுமா?"

இன்று மாலை ஏற்காடு லேடீஸ் சீட்டில், கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கிய நேரத்தில் அம்மா இதைச் சொன்னார்.

போன வாரம்தான் சிட்னியில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து திரும்பினார். ஒரே நாளில் துறைமுகம் முழுவதையும் சுற்றிக் காட்டியிருக்கிறாள் தங்கை. படகு, 1932இல் திறந்த பெரிய இரும்புப் பாலம், கரையோரப் பூங்கா. எல்லாம் நன்றாக இருந்ததாம். அவ்வளவுதான்.

பேச்செல்லாம் ஓப்பரா ஹவுஸ் என்ற இசை, நாடக அரங்கம் பற்றித்தான். பாய்மரம் போல் எழும் அந்தக் கூரையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள், சுவீடனில் செய்தவை. கூரை கீழே இறங்கும் இடத்தில் அம்மா உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறார். பளபளக்கும் வெள்ளை ஓடு வழுக்கியதாம். பக்கத்திலிருந்த மங்கலான பாலாடை நிற ஓடு வழுக்கவில்லையாம்.

தாத்தா மேக்னசைட் சுரங்கத்தில் வெள்ளைக்கல் வெட்டியவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். அந்தக் கல்லைச் சுட்டுத்தான் இரும்பு உருக்கும் உலைக்குச் செங்கல் செய்கிறார்கள் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

அத்தனை ஓடுகளையும் சூளையில் சுட்டு எடுத்தவர்களைத்தான் அங்கே நின்று நினைத்தாராம். படம் எடுக்கவே தோன்றவில்லையாம்.

பனி இறங்கியது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இருட்டில் வெள்ளைக்கல் மேடு எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தார்.