பத்து வயதுப் பேராயர்: நாட்குறிப்பு

ஜனவரி 9

தென் பிரான்சிலுள்ள நார்போன் நகரின் பேராயர் கிஃப்ரெட் மீது அந்நகரத்தை ஆண்ட பிரபு பெரெங்கார் 1059 வாக்கில் எழுதிக் கொடுத்த முறையீட்டை இன்று மறுபடியும் வாசித்தேன். செர்டான்யாக் கோமான் தம் மகனுக்காக ஒரு லட்சம் சொலிதுஸ் நாணயம் கொடுத்து அப்பதவியை வாங்கினார் என்றும், அப்போது அந்த மகனுக்குப் பத்து வயது என்றும் அதில் வருகிறது.

ஜனவரி 10

பத்து வயதுப் பிள்ளையிடம் அன்று யாராவது எதையாவது சொல்லியிருப்பார்களா?

ஜனவரி 12

பேரம் நடந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் இந்த முறையீடு எழுதப்படுகிறது. அதற்குள் பேராயரும் பிரபுவும் கோட்டைகளுக்காகவும் நிலங்களுக்காகவும் பகைத்துப் போரிட்டிருந்தார்கள். ரோமிலும் காலம் மாறிவிட்டது, பதவியை விலைக்கு வாங்குவதைத் திருத்தந்தையர் வெளிப்படையாகக் கண்டிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே பணம் கைமாறியதா என்பது ஒரு கேள்வி, அது எப்போது குற்றமாகப் பார்க்கப்படத் தொடங்கியது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் பதினோராம் நூற்றாண்டுத் திருச்சபை முழுவதும் சந்தைக்கடையாகவே தெரியும். பகைவன் சொல் என்று முறையீட்டை ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை, ஏனென்றால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு தம் சொந்தக் குடும்பத்துக்கே வந்ததை பெரெங்கார் மறைக்கவில்லை. தமக்கே இழுக்கான ஒன்றை ஒருவர் வலியப் புனைந்து சொல்வது அரிது. பணம் கைமாறியதை நம்புகிறேன். தொகையை நம்பத் தயங்குகிறேன்: கிஃப்ரெட்டின் தம்பிக்காக வாங்கிய உர்ஜெல் ஆயர் பதவிக்கும் அதே ஒரு லட்சத்தைத்தான் பெரெங்கார் சொல்கிறார்.

ஜனவரி 15

அப்பாவின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. மிலான் குறிப்பை மட்டும் எடுத்து எழுதினேன். 1059இல் ரோமின் தூதராகச் சென்ற பீட்டர் தமியானியின் அறிக்கைப்படி, அங்கே கொடுக்க வேண்டியிருந்தது: துணைத் திருத்தொண்டராக 12 காசு, திருத்தொண்டராக 18, குருவாக 24. இந்தத் தொகைகளை நான் நம்புகிறேன். சிறியவை, படிப்படியானவை, ஊரறிந்த வழக்கமாக எல்லோரும் கொடுத்தவை.

ஜனவரி 18

1049இல் பிரான்சின் ரேன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில், பணம் கொடுத்துப் பதவி பெறவில்லை என்று ஆயர்கள் எழுந்து சொல்ல வேண்டும் என திருத்தந்தை ஒன்பதாம் லியோ கேட்டார். நெவேர் ஆயர் ஹியூகோ, தமக்குத் தெரியாமல் பெற்றோர் பெரும்பணம் கொடுத்தார்கள் என்று கூறித் தம் பதவியின் அடையாளமான கோலைத் திருத்தந்தையின் காலடியில் வைத்தார். லியோ அவருக்கு வேறொரு கோலைக் கொடுத்துப் பதவியில் நிலைநிறுத்தினார். கூத்தான்ஸ் ஆயரும், தமக்குத் தெரியாமல் சகோதரர் வாங்கியது என்று சொல்லித் தப்பினார். 1140 வாக்கில் திருச்சபைச் சட்டத்தொகுப்பை உருவாக்கிய கிராசியன் எடுத்துக்கொண்ட முதல் வழக்கிலும், ஒரு தந்தை துறவுமடத்துக்குப் பத்து பவுண்டு கொடுக்கிறார், மகன் அறியாமல். தப்பிப்பதற்கான வாய்பாடு என்று சிலர் இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகளின் வாழ்வைப் பெரியவர்கள் பேசி முடித்த உலகம் அது. அறியாமை அங்கே பெரும்பாலும் உண்மையாகவே இருந்திருக்கும்.

ஜனவரி 19

விலைக்கு வாங்கிய ஆயர் கொடுத்த குருத்துவம் செல்லாது என்று கர்தினால் ஹம்பர்ட் எழுதினார். காசின்றிப் பெற்றவருக்குச் செல்லும் என்று தமியானி 1052இல் எழுதினார். அந்தக் குருக்களிடம் பாவமன்னிப்புப் பெற்று இறந்துபோன கிராமத்து மக்கள் என்ன நினைத்தார்கள் என்று யாருமே எழுதவில்லை. இன்று முழுவதும் இதுவே மனத்தை அரித்தது.

ஜனவரி 23

கையால் தரும் பரிசு, பணிவிடையால் தரும் பரிசு, நாவால் தரும் பரிசு என மூன்றையும் திருத்தந்தை பெரிய கிரகோரி எப்போதோ கண்டித்திருந்தார். முதலாவதுதான் ஆவணத்தில் சிக்குகிறது. ஒரு பரிந்துரையோ பல ஆண்டு ஊழியமோ எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பதினான்காம் நூற்றாண்டில் திருத்தந்தையர் தங்கியிருந்த அவிஞ்ஞோனில் நிலைமை தலைகீழ்: புதிய ஆயர் தம் ஓராண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருத்தந்தையின் கருவூலத்துக்குச் செலுத்தியது பதிவேடுகளில் வரிசையாக இருக்கிறது, ஆனால் சட்டம் அதைக் கட்டணம் என்றே ஏற்றது. அதைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதவி விற்பனையை அளந்துவிட்டதாக எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜனவரி 24

திருத்தந்தை ஏழாம் கிரகோரி சபைவிலக்கம் செய்த பிறகும், 1079இல் இறக்கும்வரை கிஃப்ரெட் நார்போனை விடவில்லை. பத்து வயதில் தெரிந்திருக்காது. அறுபதைக் கடந்த பிறகு நிச்சயம் தெரிந்திருக்கும். அந்தக் கடைசி ஆண்டுகளின் நன்கொடைச் சாசனங்களில் அவர் யார் யாருக்கு எதை எழுதி வைத்தார் என்பதை நாளை பார்க்க வேண்டும்.