தூக்குமேடையில் பிறந்த மெட்டு

கனடாவின் கியூபெக் பகுதிப் பிடில் கலைஞர்களிடம் ‘ரீல் து பாந்து’ என்றொரு மெட்டு வழங்குகிறது. தூக்கிலிடப்பட்டவனின் ரீல் என்று பொருள்; ரீல் என்பது விறுவிறுப்பான ஒரு நடன மெட்டு. சில நாட்களாக என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். தூக்குக் கயிற்றின் முன் நிற்கும் கைதியிடம் பிடிலைக் கொடுத்து, ஒரு மெட்டு வாசித்தால் விடுதலை என்கிறார்கள். அவன் வாழ்நாளில் பிடிலைத் தொட்டதில்லை. தந்திகளோ சுருதி கலைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்க்கிறான். தயங்கித் தயங்கி வில்லை இழுக்கிறான். ஒலியோடு ஒலி சேர்ந்து, கடைசியில் கால்கள் தாமாகவே ஆடும் ரீல் ஒன்று எழுகிறது. அவன் உயிர் பிழைக்கிறான்.

இது உண்மையில் நடந்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் மெட்டின் அமைப்பு கதையோடு அத்தனை அழகாகப் பொருந்துகிறது! பிடிலின் நான்கு தந்திகளுக்கும் மேற்கத்திய சுரப்பெயர்களில் வழக்கமான ஜி-டி-ஏ-இ சுருதியை மாற்றி, தந்திகளை ஏ-இ-ஏ-சி ஷார்ப் என்று வைத்துக்கொள்கிறார்கள். கீழ்த் தந்தியை ஷட்ஜமாகக் கொண்டால் ச-ப-ச-க. விரலே வைக்காமல் வில்லை இழுத்தாலும் தந்திகள் ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்கும். பிடில் தெரியாதவன் கைக்கும் கொஞ்சம் இசை அகப்படும்.

ரீல் என்ற நடன வகை ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடியேறிகளோடு கியூபெக்குக்கு வந்தது. உட்கார்ந்தபடியே இரு கால்களாலும் தாளம் தட்டி வாசிப்பது அங்குள்ளவர்களின் தனி முத்திரை.

கேட்க விரும்புவோர் கியூபெக் பிடில் கலைஞர் ழான் காரிஞானிடமிருந்து (1916–1988) தொடங்குங்கள். மூத்த பிடில் கலைஞர் ஜோசப் அலாரிடம் கற்றவர். மான்ட்ரியலில் டாக்சி ஓட்டிப் பிழைத்த மேதை.