அக்கரை என்று பெயரிட்ட வாரம்

மகளின் குடும்பம் ஜப்பானில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒசாகாவையும் நாராவையும் பிரித்து நிற்கும் இக்கோமா மலையின் கிழக்குச் சரிவில் அவர்கள் வீடு. மாடியில் நின்றால் எதிரே யாதா குன்றுகள் நீலமாகத் தெரியும். நானும் மனைவியும் செப்டம்பர் நடுவில் போய் ஐந்து வாரங்கள் அங்கே தங்கினோம்.

பேத்தி இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். காலையில் ரந்தொசேரு என்னும் கனத்த தோல்பையை முதுகில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று "இத்தெகிமாஸ்" என்று உரக்கச் சொல்வாள். உள்ளேயிருந்து மகள் "இத்தெராஷ்ஷாய்" என்று பதில் கொடுப்பாள். பிறகு தெருமுனையில் காத்திருக்கும் பிள்ளைகளோடு வரிசையாக நடந்து பள்ளிக்குப் போய்விடுவாள். அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று முதல் நாளே மகளிடம் கேட்டேன். "நாம் சொல்வதுதான் அப்பா. போய் வருகிறேன், போய் வாருங்கள்" என்றாள். "போகிறேன்" என்று மட்டும் சொல்லிப் படியிறங்கக் கூடாது, "வருகிறேன்" என்று முடிக்க வேண்டும் என்று என் தாயார் எனக்குக் கற்பித்த அதே வழக்கம், இவ்வளவு தொலைவில், ஒரு நாளும் தவறாமல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியை அளித்தது.

பேத்தியின் அறைச் சுவரில் ஜப்பானிய எழுத்துகளின் அட்டவணை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. எழுத்து தெரியாத நான் அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கினாள். அடுத்து க வரிசை, ச வரிசை, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ வரிசை பழங்காலத்தில் 'ப' என்று ஒலித்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், நாம் பள்ளியில் ஒப்பித்த வரிசை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று ஓனோ சுசுமு என்ற அறிஞர் நெடுங்காலம் எழுதினார். மொழியியலார் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஆனால் இந்த வரிசைக்கு அந்த வாதம் தேவையே இல்லை. பௌத்தத்தோடு வடமொழி ஒலியியலையும் கற்ற துறவிகள், தங்கள் மொழியின் ஒலிகளையும் அதே முறையில் அடுக்கினார்கள். நம் நெடுங்கணக்கும் அவர்கள் அட்டவணையும் ஒரே அடுக்குமுறையைப் பின்பற்றுகின்றன. அதை என் பேத்தி தன் பள்ளிப் பாடமாக, சற்றும் வியப்பின்றி ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

இக்கோமா நிலையத்தின் அருகிலிருந்து மலைமேல் ஏறும் கம்பிவடத் தொடர்வண்டி, ஜப்பானிலேயே முதலாவதாக 1918இல் ஓடத் தொடங்கியது. அதில் ஏறி முதல் நிறுத்தத்தில் இறங்கிச் சிறிது தூரம் கற்படிகளில் நடந்தால் ஹோசான்ஜி கோயில் வரும். 1678இல் தன்காய் என்னும் துறவி நிறுவியது. மூலவர் ஃபுதோ மியோஓ, அதாவது அசலநாதர். ஆனால் ஒசாகா வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மலையேறி வந்தது அவருக்காக அன்று. பக்கத்துச் சன்னிதியில் இருக்கும் ஷோதென் என்கிற காங்கிதெனுக்காக. அவர் நம் பிள்ளையார். யானை முகம் கொண்ட இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் வடிவம் அவருடையது என்று நூல்களில் படித்திருக்கிறேன். அந்தத் திருமேனியை யாரும் பார்க்க முடியாது. மறைவாகவே வைத்துப் பூசிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அவருடைய இரண்டு சின்னங்கள் மட்டுமே: குறுக்காக வைத்த இரண்டு முள்ளங்கிகள், சுருக்குப் போட்ட பணமுடிப்பு. கோயில் முழுவதும் இவையே செதுக்கல்களாகத் திரும்பத் திரும்ப வருகின்றன.

திறந்த வெளியில், அரசமரத்தடியில், எந்தக் கதவும் இல்லாமல் அமர்ந்திருப்பவராகவே பிள்ளையாரை அறிந்த எனக்கு அந்த மூடிய சன்னிதியின் முன் நிற்பது முதலில் சங்கடமாக இருந்தது. மனைவிக்கு அந்தத் தயக்கம் சிறிதும் இல்லை. காலணியைக் கழற்றாமலே நின்ற இடத்தில் மூன்று முறை குட்டிக்கொண்டு, தோப்புக்கரணமும் போட்டாள். அருகில் வழிபட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அவளைக் கவனித்துவிட்டு, எங்களை நோக்கித் தலைதாழ்த்தி வணங்கினார். காங்கிதெனுக்குப் படைக்கும் பலகாரத்தைப் பற்றி அன்று மாலை மகள் சொன்னாள்: மாவைச் சுருக்குப்பை போல மடித்து, உள்ளே இனிப்புப் பூரணம் வைத்து, நல்லெண்ணெயில் பொரித்தெடுப்பது. மோதகம்தான் சீனாவின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்து அந்த உருவம் எடுத்திருக்கிறது. அவர்கள் 'கோமா' என்று சொல்லும் வேள்வியும் நம் ஹோமமே. பெயர் அதிகம் தேயவும் இல்லை.

நாராவின் தோதாய்ஜி கோயிலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தரையும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்களையும் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எனக்கு அங்கே போக வேண்டியிருந்தது ஒரே ஒரு மனிதருக்காக. 752ஆம் ஆண்டில் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் ஓர் இந்தியத் துறவி. போதிசேனர் என்று பெயர். அவருடைய சீடர் எழுதிவைத்த இரங்கல் வாசகம் அவரைத் 'தென்னிந்தியப் பிராமண ஆசாரியர்' என்று குறிக்கிறது. சீனாவிலிருந்து கப்பலேறி 736இல் நானிவா, அதாவது இன்றைய ஒசாகாவின் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, கியோகி என்னும் புகழ்பெற்ற துறவி எதிர்கொண்டு அழைத்துச் சென்றார். பதினாறு ஆண்டுகள் கழித்து, பேரரசராக இருந்து துறவு பூண்ட ஷோமு உடல்நலம் குன்றியிருந்ததால், புத்தரின் கண்மணிகளைத் தீட்டும் பொறுப்பு போதிசேனரிடம் வந்தது. அவர் பிடித்த தூரிகையில் நீளமான நீலக் கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. கூடியிருந்தவர்கள் அந்தக் கயிறுகளைப் பற்றிக்கொண்டு, தாங்களும் சேர்ந்து கண் திறப்பதாக நின்றார்கள். அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு நம் சிற்பிகளிடமும் உண்டு. அதைச் செய்த பிறகே அது கல்லோ உலோகமோ அல்லாமல் தெய்வமாகிறது. அதனால்தான் அந்தப் பெரிய முகத்தை நிமிர்ந்து பார்த்தபோது, முதலில் கண்களையே தேடினேன். ஆனால் போதிசேனர் தீட்டிய கண்கள் இன்று இல்லை. 1180இலும் 1567இலும் போர்களில் கோயில் எரிந்தது. தலை உருகி விழுந்து, இப்போதுள்ள தலை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்க்கப்பட்டது. மண்டபமும் 1709இல் முன்பைவிட அகலம் குறைத்துக் கட்டியதுதான். பீடத்துத் தாமரை இதழ்களில் சில மட்டும் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் மெல்லிய கோடுகளாக மேருவும் உலகங்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கூட்டம் நகரும் வேகத்தில் பெரும்பாலோர் அவற்றைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். நாராவுக்குச் செல்பவர்கள் அந்த இதழ்களின் முன் சிறிது நேரமாவது நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போதிசேனர் தாயகம் திரும்பவில்லை. 24 ஆண்டுகள் ஜப்பானில் வாழ்ந்து 760இல் மறைந்தார். மகள் வீட்டிலிருந்து சில நிலையங்களே தள்ளியிருக்கும் தோமியோவுக்கு அருகே ரியோசென்ஜி கோயிலில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. அந்தக் குன்று அவருக்கு ராஜகிருகத்தில் புத்தர் போதித்த கிருத்ரகூட மலையை நினைவூட்டியதால் அதன் ஜப்பானியப் பெயரையே சூட்டினார் என்பது கோயில் மரபு. நாங்கள் போன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. கைகூப்பி, மேற்கு நோக்கி அமர்ந்தபடியே அவர் உயிர் நீத்தார் என்று அந்த இரங்கல் வாசகம் சொல்வதை மகளிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவருக்கு யாரோடு தன் மொழியில் பேச முடிந்திருக்கும், அப்பா?" என்று கேட்டாள். அவரோடு வந்தவர்களில் சீனத் துறவி ஒருவரும், இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டுத் துறவி ஒருவரும் இருந்தார்கள் என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

கியோத்தோவில் ஒரே ஒரு நாள்தான் செலவிட்டோம், அதிலும் பெரும்பகுதி சஞ்சூசங்கென்தோவில். 120 மீட்டர் நீளமான மரமண்டபத்தில் 1001 கன்னோன் சிலைகள், அதாவது அவலோகிதேசுவரர்; முன்வரிசையில் காவல் தெய்வங்கள் 28. இந்திரன், பிரம்மா, குழல் ஊதும் கருடன், விலா எலும்பு தெரிய மெலிந்த ஒரு முனிவர் என்று அவர்களைப் பார்த்துக்கொண்டே போன மனைவி, உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போனதுபோல ஒவ்வொருவராக இனம் கண்டு எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஜப்பானில் காய்கறியாகத் தோன்றும் குழம்பிலும் மீன் வடிநீர் கலந்திருக்கும். கோயில்களில் கிடைக்கும் ஷோஜின் உணவில் அந்தக் கவலை இல்லை; பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை.

இலையுதிர் காலச் சமஇரவு நாளை நடுவில் வைத்து ஏழு நாட்களை ஜப்பானியர் 'ஹிகன்' என்கிறார்கள். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'அக்கரை'. பிறவியாகிய இக்கரையைக் கடந்து அடையும் அக்கரை அது. அன்று சூரியன் மிகச் சரியாக மேற்கே மறைகிறான். அமிதாப புத்தரின் உலகம் இருப்பதும் மேற்கே. ஆகவே மறைந்தவர்களை நினைப்பதற்கு உரிய வாரம் அது. நாங்கள் இருந்த ஆண்டில் மகாளய அமாவாசையும் அதே வாரத்தில் வந்தது. தர்ப்பை கிடைக்கவில்லை, கறுப்பு எள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. மாடியில் தெற்கு நோக்கி நின்று, எள்ளும் தண்ணீரும் இறைத்து என் தாய் தந்தையரை நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு தட்டில் ஒஹாகி கொண்டுவந்து கொடுத்தார். ஹிகனுக்கென்று செய்யும் உருண்டை அது. உள்ளே பிசைந்த பசையரிசிச் சோறு, வெளியே சிவப்புப் பயற்றம் பூரணம்: நம் கொழுக்கட்டையை உள்வெளியாகத் திருப்பியது போல. மறைந்த தம் கணவருக்குப் படைத்துவிட்டுக் கொண்டுவந்ததாக மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். நாங்களும் அன்று அதே காரியத்தைத்தான் செய்தோம் என்று மகள் மூலமாகச் சொன்னபோது, அவர் என் மனைவியின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

அந்த வார இறுதியில் அசுகாவுக்குப் போனோம். நாரா தலைநகராவதற்கும் முன்பு, ஆறு ஏழாம் நூற்றாண்டுகளில் ஆட்சி நடந்த ஊர். இப்போது வயல்வெளிகளும் சிறு குன்றுகளுமாக அமைதியாக இருக்கிறது. நிலையத்தருகே வாடகைக்கு மிதிவண்டி எடுத்துக்கொண்டு மகளும் மருமகனும் பேத்தியும் முன்னே போக, நாங்கள் இருவரும் பேருந்தில் சென்று சேர்ந்துகொண்டோம். அசுகாதேரா கோயிலின் புத்தர் 609இல் செய்யப்பட்டவராகக் கருதப்படுகிறார். நாட்டின் மிகப் பழைய புத்தர் சிலைகளில் ஒன்று. தீயில் சேதமுற்ற முகத்தில் ஒட்டுப்போட்ட தழும்புகள் தெளிவாகத் தெரிகின்றன. அழகுபடுத்தி மறைக்க யாரும் முயலவில்லை. தோதாய்ஜியைவிட என் மனம் இங்கேயே அதிகம் நின்றது.

இனாபுச்சிச் சிற்றூரின் படிவயல்களில் நெல் முற்றித் தலைசாய்ந்திருந்தது. ஒவ்வொரு வரப்பிலும் ஹிகன்பானா, அதாவது ஹிகன் மலர்கள், ஓர் இலைகூட இல்லாத தண்டுகளின் உச்சியில் இரத்தச் சிவப்பாகப் பூத்திருந்தன. அதன் கிழங்கு நஞ்சு. வரப்பைத் துளைக்கும் எலிகளையும் அகழெலிகளையும் தடுப்பதற்காக உழவர்கள் முற்காலத்தில் நட்டது. கல்லறைகளைச் சுற்றியும் அதே காரணத்துக்காக நட்டார்கள். சீனாவிலிருந்து வந்த இந்தச் செடி ஜப்பானில் விதை பிடிப்பதில்லை. கிழங்கு பிரிந்துதான் பெருக வேண்டும். நாங்கள் பார்த்த அந்தச் சிவப்பு வரிசைகளின் தொடக்கத்தில், என்றோ ஒருவர் குனிந்து கையால் நட்ட கிழங்கு இருந்திருக்கும்.

வழியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் ஒரு குடும்பம் மூங்கில் அகப்பையால் நீர் மொண்டு கற்களைக் கழுவிக்கொண்டிருந்தது. கற்களின் பின்னால் சொதோபா என்னும் உயரமான மரப்பலகைகள் நின்றன. பெயர் 'ஸ்தூபம்' என்பதன் திரிபு. அவற்றில் மையால் எழுதியிருந்தவை சித்தம் எழுத்துகள், பிராமியின் வழியில் வந்தவை. இந்தியாவில் வழக்கொழிந்துவிட்ட அந்த எழுத்தை, அந்த நாட்டுத் துறவிகள் இன்றும் தூரிகையால் எழுதுகிறார்கள். பேத்தி தன் கையில் இருந்த காட்டுப் பூக்களை அந்தக் குடும்பத்துச் சிறுமியிடம் கொடுத்து ஏதோ பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வேகமாகப் பேசும்போது அவளுக்கு ஜப்பானிய மொழிதான் வருகிறது. தமிழில் பேச அவள் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. வந்த புதிதில் அது என்னை வருத்தியது. அன்று அப்படித் தோன்றவில்லை.

நாங்கள் புறப்பட்ட நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் விமான நிலையம்வரை வந்தாள். பேத்திக்குச் சளி பிடித்திருந்ததால் தந்தையோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். வாசலில் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "இத்தெராஷ்ஷாய், தாத்தா, பாட்டி" என்று குரல் வந்தது. விடைபெறுவதற்கு அவர்கள் மொழியில் வேறு சொற்கள் உண்டு என்பதும், இந்தச் சொல் அந்த வீட்டிலிருந்து கிளம்பி அந்த வீட்டுக்கே திரும்பி வருகிறவர்களுக்கு மட்டும் சொல்லப்படுவது என்பதும் எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. மனைவி முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். நான் நிமிர்ந்து, ஐந்து வாரங்களாகக் காலைதோறும் கேட்டுப் பழகிய உச்சரிப்பில், "இத்தெகிமாஸ்" என்றேன்.