சத்தம் போடாம கத்துறது எப்படி

எங்க குடும்பத்துல யாருக்கும் மெதுவா பேசத் தெரியாதுங்க. தப்பு எங்க மேல இல்ல, வீட்டு மேல. காரைக்குடி பக்கம் பழைய வீட்டுல வளந்தவங்களுக்குத் தெரியும், முகப்புல இருக்குற ஆள ரெண்டாங்கட்டுல இருந்து சாப்பிடக் கூப்பிடணும்னா நடுவுல வளவு, அதாவது முற்றம், முழுசும் தாண்டி குரல் போய்ச் சேரணும், அப்படியே பழகிப்போச்சு. இதுல அப்பத்தாவுக்கு காது வேற மந்தம். மிஷின் வாங்கிக் குடுத்தோம், அது நகைப் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு.

காணும் பொங்கல் அன்னிக்கு மாமா சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போயே தீருவேன்னு நின்னாரு. போன தடவை போய் எவனோட மாட்டு வண்டி மேலயோ ஏறி நின்னு வேட்டிய பாதி அங்கயே விட்டுட்டு வந்தவரு, அதனால அயித்தை ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. சரி குடும்பமா எங்கயாச்சும் அமைதியா போவோமேன்னு வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்னு வாயக் குடுத்தது நான்தான்.

"கொக்கு பாக்க திருப்பத்தூர் தாண்டிப் போகணுமா, நம்ம ஊருணில நிக்கிறது என்ன கோழியா?" இது மாமா.

போற வழில பிள்ளையார்பட்டில ஒரு கும்பிடு, மஞ்சுவிரட்டுக் கூட்டத்துல மாட்டி ஒரு மணி நேரம் வண்டிக்குள்ள வேர்த்து வடிஞ்சது (மாமா ஜன்னல இறக்கிட்டு போற வர்ற காளைக்கெல்லாம் மார்க் போட்டுட்டே வந்தாரு), எல்லாம் முடிச்சு மதுரை ரோட்டுல போய் உள்ள திரும்பி கண்மாய்க் கரைல நிறுத்துறப்போ சாயங்காலம் நாலு. ரிவர்ஸ் எடுத்தாரு. எங்க வண்டி ரிவர்ஸ் எடுத்தா பிள்ளையார் பாட்டு பாடும். அது ரெண்டு வரி முடியுறதுக்குள்ள கரைல உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் எந்திரிச்சு வந்து, வாயில விரல வச்சுக்கிட்டு, காத்து மாதிரி ஒரு குரல்ல சொன்னாரு: "தம்பி, நாங்க தீவாளிக்கே வெடி போடுறதில்ல."

நெசந்தாங்க. இந்தக் கண்மாய் ஊரான கொள்ளுகுடிப்பட்டிக்காரங்க பறவைங்க மெரளக்கூடாதுன்னு தலைமுறை தலைமுறையா தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதே இல்ல, அதுக்காகவே வனத்துறைல இருந்து வந்து இனிப்பு குடுப்பாங்க. கண்மாய் சரணாலயமா ஆனது 1977ல, அதுக்கு முன்னாடி இருந்தே ஊருல இந்தப் பழக்கம். மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம், கிட்டத்தட்ட 95 ஏக்கர், மூணு கண்மாய். அந்த அமைதிக்குள்ள நாங்க எட்டு பேரு எறங்குறோம். கதவ ஒவ்வொண்ணா சாத்துற சத்தமே எனக்கு அதிர்வேட்டு மாதிரி கேட்டுச்சு.

ஆனா பாக்கணுங்க அத. தண்ணிக்கு நடுவுல கருவேல மரமா நிக்குது, மரத்துல எலைய விட நாரை ஜாஸ்தி. மாமா ஒடனே "இதத்தான கோர்ட்டு வெட்டச் சொல்லுச்சு"ன்னாரு. அது சீமைக் கருவேலம் மாமா, இது நாட்டுக் கருவேலம், பூவு மஞ்சளா உருண்டையா இருக்கும், காய் மணி கோத்த மாதிரி இருக்கும்னேன். வைரம் பாஞ்ச கட்டை, அந்தக் காலத்துல ஏரும் வண்டிச் சக்கரமும் இதுலதான் செஞ்சாங்கன்னு பெரியவர் சொன்னாரு. சுத்தி தண்ணி, மேல முள்ளு, பூனை பாம்பு எதுவும் லேசுல ஏறாது, அதான் இங்க வந்து கூடு கட்டுதுங்க. எச்சம் விழுந்து தண்ணில கரைஞ்சு வயலுக்குப் பாயுறதுல உரச் செலவு மிச்சம்னு வேற சொன்னாரு. நாத்தம் குடலப் புடுங்குச்சு, அதையும் சொல்லிடணும்.

நத்தை குத்தி நாரைய காட்டுனேன். அலகு ரெண்டும் நுனில சேரும், நடுவுல சந்து இருக்கும். குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வயசாக வயசாகத்தான் வரும். இத அப்பத்தா காதுல சொன்னேன், அதாவது அவங்களுக்குக் கேக்குற அளவுக்குச் சொன்னேன், மூணு கொக்கு பறந்துருச்சு. "எனக்கும் அப்படித்தாண்டா வந்துச்சு"ன்னு பல்லில்லாத எடத்தக் காட்டுனாங்க. மஞ்சள் மூக்கு நாரைக்கு வளந்துட்டா குரலே பெருசா கெடையாது, அலகத் தட்டித்தான் பேசிக்கும். எங்க வீட்டுல பொறந்திருந்தா சோறு கேக்க முடியாமலே போயிருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அயித்தை பசிக்குதுன்னு தேன்குழல் சம்படத்தத் தொறந்தாங்க. எவர்சில்வர் சம்படம். கை நழுவி, கரைல உருண்டு, கல்லுல எல்லாம் மோதி மணியடிச்சுக்கிட்டே போய் கீழ புல்லுல நின்னுச்சு. பெரியவர் கண்ண மூடிக்கிட்டாரு. பத்தடிதான, பச்சைப் பசேல்னு புல்லு, எடுத்துட்டு வந்துருவோம்னு நான் எறங்குனேன்.

புல்லு மேல மட்டுந்தாங்க இருந்துச்சு. கீழ கரம்பை. கோடைல வண்டி வண்டியா அள்ளி வயலுக்கு அடிப்பாங்களே அதே மண்ணு, தண்ணில ஊறி அல்வாவா நிக்குது. மொத காலு முட்டி வரைக்கும் போச்சு, அத எடுக்க ரெண்டாவது கால ஊனுனேன், அதுவும் போச்சு. "காப்பாத்துங்க"ன்னு கத்த வாயத் தொறக்குறேன், பெரியவர் மேல இருந்து விரல வாயில வக்கிறாரு. வாழ்க்கைல மொத தடவை மெதுவா கத்துனேன். மெதுவா கத்துனா அது கெஞ்சுற மாதிரிதான் வருது.

மாமா ரகசியக் குரல்ல, "கால மேல இழுறா, மாட்டு வாலப் புடிச்ச மாதிரி ஒரே வெட்டு!" அப்படி இழுத்ததுல செருப்பு போச்சு. அப்பறம் பெரியவர்தான் சொல்லிக் குடுத்தாரு, நேரா மேல இழுத்தா சேறு உறிஞ்சிப் புடிச்சுக்கும், பின்னால சாஞ்சு உக்காந்துக்கிட்டு பாதத்த லேசா ஆட்டு, சந்துல தண்ணி எறங்குனதும் அதுவா விடும்னு. ரெண்டு பனை மட்டைய வேற தூக்கிப் போட்டாரு. அதுல கையூனி, தவழ்ந்து, இடுப்பு வரைக்கும் கரம்பையோட நான் கரை ஏறுன அழக மாமா வீடியோ எடுத்து, ஃபோன சைலண்ட்ல போட மறந்து, அது "டிங்"னு சத்தம் போட்டு, பெரியவர் இந்தத் தடவை ஒண்ணுமே சொல்லல, பாத்தாரு, அவ்வளவுதான்.

சம்படத்தையும் அவருதான் தொரட்டிக் கம்பால இழுத்துக் குடுத்தாரு. மூடி கழலல, உள்ள தேன்குழல் நொறுங்கக்கூட இல்ல. நன்றிக்கு ரெண்டு எடுத்து நீட்டுனோம். கடிச்சாரு. மென்னாரு. என் பக்கம் குனிஞ்சு, எனக்கே கேக்குமோ கேக்காதோங்கற குரல்ல, "உப்பு மட்டும் சித்த கம்மி"ன்னாரு.

அப்பத்தா இருபதடி தள்ளி கார்ல உக்காந்திருந்தாங்க. கண்ணாடி வேற ஏத்தியிருந்துச்சு.

கண்ணாடி எறங்குச்சு.

"யாருடா அது, என் தேன்குழல்ல உப்பு கம்மின்னது?"

அந்தப் பக்கம் நின்ன மடையான் கொக்கெல்லாம் ஒண்ணு பாக்கியில்லாம எந்திரிச்சுப் பறந்துருச்சு.