சிங்கப்பூரில் ஆசிரியர் வேலை: பெயரும் முகவரியும் ஒத்துப்போக நான் பட்ட பாடு

மதுரையிலிருந்து வந்து இங்குள்ள பன்னாட்டுப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கும் எனக்கு வகுப்பறை ஒரு நாளும் சுமையாக இருந்ததில்லை. வகுப்பறைக்கு வெளியே, என் பெயரும் குடியிருக்கும் முகவரியும் எல்லாத் தாள்களிலும் ஒன்றுபோல இருக்கும்படி செய்வதற்குத்தான் படாத பாடு பட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களில் பலர் இதே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தொல்லை ஊரிலேயே தொடங்கிவிட்டது. 2023 செப்டம்பர் 1 முதல், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் எனும் வேலை அனுமதிக்கான புதிய விண்ணப்பத்தில் பட்டப்படிப்பைத் தகுதியாகக் காட்டினால், அந்தப் பட்டம் உண்மையானது என்பதற்கான சரிபார்ப்புச் சான்றையும் வேலை தரும் நிறுவனம் இணைக்க வேண்டும். என் பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே இருக்கின்றன. பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் பெயர் குடும்பப் பெயருக்கான இடத்தில் முழுமையாக இருக்கிறது. சரிபார்க்கும் நிறுவனம் இருவரும் ஒருவர்தானா என்று கேட்டு விண்ணப்பத்தை நிறுத்திவைத்தது. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இருந்த எழுத்தர் மின்னஞ்சலைத் திறந்துகூடப் பார்க்காமல், "நேர்ல வந்து பணம் கட்டுங்க சார், அப்புறம் பாக்கலாம்" என்றார். நேரில் போனபோது அந்த இருக்கை காலியாக இருந்தது. இறுதியில் நோட்டரி வழக்கறிஞர் முன்னிலையில் எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தையும் பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து அனுப்பிய பிறகே காரியம் நடந்தது. வேலைக்கு ஆணை வரும்வரை காத்திராமல் இந்தப் பத்திரத்தை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இறங்கிய பின் மருத்துவப் பரிசோதனை, கைரேகைப் பதிவு, வேலை அனுமதி அட்டை வந்து சேர்வது எல்லாம் சொன்ன நாளில் முடிந்தன.

வீடு தேடியதுதான் நெடுங்கதை. தனி வீட்டின் வாடகை என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதால் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடொன்றில் அறை தேடினேன். தொலைபேசியில் இனிமையாகப் பேசியவர்கள் சிலர், இந்தியாவிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் "அறை போய்விட்டது" என்று வைத்துவிட்டார்கள். அதே அறையின் விளம்பரம் அன்றிரவும் அப்படியே இருந்தது. அது இன்னமும் வலிக்கிறது. ஈசூனில் பார்த்த ஒரு வீட்டில் அடுப்பின் குமிழ்களைப் பழுப்பு நிற ஒட்டுநாடாவால் சுற்றியிருந்தார்கள். மைக்ரோவேவில் சோற்றைச் சூடுபண்ணலாம், தாளிக்கக் கூடாது என்றார் உரிமையாளர். அறையைப் பார்க்கப் போகும் முன்பே சமையல் பற்றி வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். "லேசான சமையல்" என்பதற்கு வீட்டுக்கு வீடு பொருள் வேறு.

பிடித்தமான அறை ஒருவழியாகக் கிடைத்தபோது, முகவர் தமிழரே என்பதால் நிம்மதியாக இருந்தது. அவர், "தம்பி, முன்பணத்த என் நம்பருக்கே பேநவ் பண்ணிடுங்க, நான் ஓனர்கிட்ட குடுத்துர்றேன்" என்றார். பேநவ் என்பது கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் இங்குள்ள வசதி. வீவக வீட்டு வாடகையில் முகவர் தம் கையில் அந்தப் பணத்தை வாங்குவதற்கே இங்கு சட்டப்படி தடை உண்டு. அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப் போனது. அதன் பிறகு, வீவகவில் பதியாமல் இருந்தால் மாதம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாடகையில் குறைப்பதாக உரிமையாளரின் தூது வந்தது. அனுமதியின்றி விடப்பட்ட அறையில் குடியிருந்தால் எந்த நாளும் வெளியேற நேரலாம். முகவரிக்கு ஆதாரமும் இராது. நான் மறுத்துவிட்டு வேறு அறை பார்த்தேன். முகவர் யாராக இருந்தாலும் அவருடைய பதிவெண்ணைச் வீட்டு முகவர்களை ஒழுங்குபடுத்தும் சொத்து முகவை மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் பார்த்துவிட்டே பேசத் தொடங்குங்கள்.

ஒப்பந்தம் வீவக வீட்டுக்கு 6 மாதத்துக்குக் குறையக் கூடாது. முத்திரைத் தீர்வை, 4 ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, மாதம் 1,000 வெள்ளி வீதம் ஓராண்டென்றால் 48 வெள்ளிதான். வழக்கமாக இதைக் குடியிருப்பவரே கட்டுகிறார். கையெழுத்திட்ட 14 நாள்களுக்குள் கட்டிச் சான்றிதழை வாங்கிவிட வேண்டும். முத்திரையிடாத ஒப்பந்தத்தை வழக்கில் சான்றாகக் காட்ட முடியாது. முன்பணத்தைத் திருப்பித் தராத உரிமையாளர்மீது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போவதற்கு இந்தத் தாள் கையில் இருப்பது முக்கியம்; 2 ஆண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை வழக்குகளை அங்கே விசாரிக்கிறார்கள்.

இவ்வளவையும் முடித்துக்கொண்டு கணக்குத் தொடங்க வங்கிக்குப் போனால், முகப்பில் இருந்த இளைஞர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது செல்லாது" என்று ஒரே சொல்லில் திருப்பித் தந்தார். என்ன குறை என்று எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை. மதிய உணவுக்குப் பிறகு அதே இருக்கைக்கு வந்த வயதான சீனப் பெண்மணி என் அட்டையையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரு பெயர்களின்மீதும் பேனா முனையை வைத்துக் காட்டினார். ஒப்பந்தம் தயாரித்த புதிய முகவர், நான் கொடுத்த பாஸ்போர்ட் நகலைப் பாராமல், வாட்ஸ்அப்பில் தெரிந்த தலைப்பெழுத்துப் பெயரையே தட்டச்சு செய்திருக்கிறார்! அதைத் திருத்தி உரிமையாளரிடம் மறுபடி கையெழுத்து வாங்குவதற்குள் சம்பள நாள் வந்துவிட்டது. முதல் மாதச் சம்பளம் காசோலையாகக் கையில் கிடந்தது, மாற்றுவதற்குக் கணக்கு இல்லை. அந்த வாரம் சக ஆசிரியர் ஒருவர் கேட்காமலே கொடுத்த 200 வெள்ளியில்தான் தேக்கா சந்தையில் அரிசியும் பருப்பும் வாங்கினேன்.

அட்டை கைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சிங்பாஸ் எனும் அரசின் மின்னடையாளப் பதிவை முடித்துவிடுங்கள் என்று இப்போது புதிதாக வருபவர்களிடம் சொல்கிறேன். சில வங்கிகளில் அதன் வழியாகக் கைப்பேசியிலேயே கணக்குத் தொடங்கிவிடலாம். மனிதவள அமைச்சின் பதிவில் உள்ள பெயரே படிவத்துக்கு வந்துவிடுவதால் முகப்பில் நின்று வாதாட வேண்டியதில்லை. கணக்கு வந்த பிறகு ஊருக்குப் பணம் அனுப்புவது எளிது. 2023 பிப்ரவரி 21 முதல் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றவும் வேண்டும். அதற்கும் பாஸ்போர்ட், எம்ப்ளாய்மெண்ட் பாஸ், வெளிநாட்டு முகவரிச் சான்று ஆகிய மூன்றையும் என் வங்கியில் கேட்டார்கள். திருத்திய ஒப்பந்தத்தில் பெயர் சரியாக இருந்ததால், விடுமுறையில் ஊர் சென்றபோது அந்த வேலை ஒரே காலையில் முடிந்தது.