கிளௌசன் ஐயரும் இந்த ஜூன் மாதமும்

ஜூன் 3, செவ்வாய்

விடிகாலை மூன்று மணிக்கு அம்மாவுக்கு மறுபடி குளிர். இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்கு என்றார் நர்ஸ். அண்ணன் போன் செய்தான். எடுக்கவில்லை.

ஜூன் 4, புதன்

சபை மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தருவதாக ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. இந்த ஸ்டூலில் உட்கார்ந்தே எழுதினால்தான் உண்டு. எல்லோரும் சீகன்பால்க் ஐயரைப் பற்றித்தான் எழுதுவார்கள் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்). டென்மார்க் ராஜா அனுப்பித் தரங்கம்பாடிக்கு வந்தவரை நமக்கு நன்றாகத் தெரியும். அதே டென்மார்க்கில் பிறந்து மேற்கே போன கிளாஸ் லௌரிட்ஸ் கிளௌசனை இங்கே யாருக்குத் தெரியும்?

1820இல் ஏரோ என்ற சின்னத் தீவில் பிறந்தவர். 1843 ஆகஸ்டில் மனைவி மார்த்தாவோடு அமெரிக்காவில், விஸ்கான்சினில் மஸ்கீகோ என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஏரியும் சதுப்புமான நிலத்தில் நார்வேக்காரர்கள் குடியேறியிருந்த ஊர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். போன இடத்தில் காய்ச்சலும் சாவும். வாத்தியாரை விட ஐயர்தான் இப்போது அவசரம் என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். அக்டோபர் 18 அன்று கிராவுசே என்ற ஜெர்மன் ஐயர், ஈவன் ஹெக் என்பவரின் கொட்டகையில் வைத்து அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். வயது 22. தானியம் வைக்கிற கொட்டகை. உமி வாசனை வந்திருக்கும்.

கொட்டகைக்காரரின் மகன் ஹான்ஸுக்கு அப்போது 13 வயது. அவனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

மலேரியா இல்லை. டைபாய்டும் இல்லை. அப்புறம் என்னதான்?

ஜூன் 7, சனி

இன்று 99தான். அம்மா அரை இட்லி சாப்பிட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு மஸ்கீகோ கோயிலைப் பற்றி வாசித்துக் காட்டினேன். ஓக் மரத்தை வெட்டிச் செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. 1845 மார்ச் 13 அன்று கிளௌசன் அதைப் பிரதிஷ்டை செய்தார். பின்னால் 1904இல் மொத்தக் கோயிலையும் மின்னசோட்டாவுக்குக் கொண்டுபோய், செயின்ட் பால் நகரத்து இறையியல் கல்லூரி வளாகத்தில் நிறுத்திவிட்டார்கள். இன்றும் அங்கே நிற்கிறது.

"மரத்துல கோயிலா? கரையான் அரிக்காதா பாப்பா?" என்றாள். இத்தனை நாளில் அவள் கேட்ட முதல் முழுக் கேள்வி.

அதே 1845இல்தான் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றது. ஒரே வருஷம். இதை மலரில் கட்டாயம் போட வேண்டும்.

ஜூன் 8, பெந்தெகொஸ்தே ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. எங்கள் ஐயரம்மா கஞ்சி கொண்டுவந்தார். ஜெபம் பண்ணிவிட்டு அம்மாவின் காலைப் பிடித்துவிட்டார், அரை மணி நேரம், ஒன்றும் பேசாமல்.

மார்த்தா கிளௌசனும் ஐயரம்மாதான். விடைபெறும் பாட்டு ஒன்றை எழுதிவைத்தார். 1846 நவம்பரில் இறந்துபோனார். அமெரிக்காவில் வாழ்ந்தது மூன்று வருஷம் சொச்சம். அந்தப் பாட்டைத் தேடி எடுத்தேன், பிறகு வாசிக்க முடியாமல் மூடிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

தூக்கம் இல்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

1861 ஜூனில், அமெரிக்காவில் குடியேறிய நார்வேக்காரர்களின் சபைகள் சேர்ந்த அமைப்பான நார்வேஜிய சினோடு கூடுகிறது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. அடிமைகளை வைத்திருப்பது தீமைதான், ஆனால் வேதத்தின்படி அது தன்னளவில் பாவம் ஆகாது என்று ஐயர்மார் ஓர் அறிக்கை தயாரிக்கிறார்கள். சபைகளிலிருந்து வந்த சாதாரண விவசாயிகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கிளௌசன் கையெழுத்துப் போட்டார்.

கிளௌசனா! கொட்டகையில் காய்ச்சல்காரர்கள் நடுவே நின்ற மனிதரா!

பிறகு வாபஸ் வாங்கினார். ரகசியமாக அல்ல, எல்லோருக்கும் தெரிய. கூட இருந்த ஐயர்மார் எல்லாரும் எதிர்ப்பக்கம். வருஷக்கணக்காக அந்த வாதம் ஓயவில்லை. 1868இல் சினோடையே விட்டு வெளியேறினார்.

கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி அவர் தூங்கினாரா? பேனாவை வைத்ததுமே உறுத்தியதா, ஊருக்குத் திரும்பும் வழியில் உறுத்தியதா? எனக்குப் படியிறங்கும்போதே உறுத்தியது. ஜனவரி 22. சார்பதிவாளர் அலுவலக வாசலில் கட்டைவிரல் மையைப் புடவை ஓரத்தில் துடைத்தேன். சாம்பல் நிறப் புடவை. கறை இன்னும் போகவில்லை. வக்கீலிடம் கேட்டாயிற்று. பதிந்த பத்திரத்தை நானாக ரத்து செய்ய முடியாதாம்.

"வீட்டுக்கு எப்போ போலாம்?" என்று அம்மா சாயங்காலம் கேட்டாள். "சீக்கிரம்மா" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

பிளேட்லெட் ஏறவில்லை.

ஜூன் 14, சனி

மீதியை வேகமாக எழுதி முடித்துவிடுகிறேன். 1852இல் 'எமிக்ரான்டன்' பத்திரிகைக்கு முதல் ஆசிரியர். 1853இல் ஒரு கூட்டத்தை மாட்டு வண்டிகளில் அயோவாவுக்குக் கூட்டிப்போய் செயின்ட் ஆன்ஸ்கர் என்ற ஊரை உண்டாக்கினார். போர் வந்ததும் விஸ்கான்சின் 15ஆவது ரெஜிமென்டுக்கு ஐயராகப் போனார். ஸ்கான்டிநேவியக் குடியேறிகளின் ரெஜிமென்ட். கர்னல் யார் தெரியுமா? கொட்டகைக்காரரின் மகன் ஹான்ஸ் ஹெக். உடம்பு ஒத்துழைக்காமல் கிளௌசன் 1862இலேயே திரும்பிவிட்டார். அடுத்த வருஷம் செப்டம்பரில் சிக்கமாகா சண்டையில் ஹான்ஸ் குண்டடிபட்டு இறந்தான். 33 வயது.

அந்தச் செய்தி செயின்ட் ஆன்ஸ்கருக்கு வந்து சேர்ந்த நாளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடி 103. மலர்க் குழுவுக்கு இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். சரி என்றார்கள்.

ஜூன் 16, திங்கள்

அண்ணன் போனை எடுத்தேன். "போட்டது போட்டதுதான், இப்ப என்ன அதப் பத்தி?" என்றான். நாளைக் காலை வருகிறானாம். அம்மாவுக்குத் தெரிய வேண்டும், அவள் முன்னாடியே பேசலாம் என்றேன். கை நடுங்கியது. ஆனால் சொல்லிவிட்டேன்.

டாக்டர் ரவுண்ட்ஸ் பத்து மணிக்கு. சாம்பல் புடவையைத்தான் கட்டப்போகிறேன்.